வாக்காளர் பட்டியலில் புதிதாகப் பெயர் சேர்க்கும் படிவம் 6-ஐக் கட்டாகக் கொண்டுபோனோம், வாங்க மாட்டேன் என்கிறார்கள். உதவி!

தெருவிளக்கு: அவசரம். நாங்கள் ஏழெட்டுப் பேர், எந்தக் கட்சியும் கிடையாது. இரண்டு ஞாயிறு வீடு வீடாக ஏறி இறங்கி 43 படிவம் எழுதி வாங்கினோம். இன்று கொடுக்கப் போனால் முடியாது என்று திருப்பிவிட்டார்கள். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செம்பருத்தி: எங்கே கொடுத்தீங்க? வாக்குச்சாவடி நிலை அலுவலர், அதான் பிஎல்ஓகிட்டயா, தாலுகா ஆபீஸ்லயா? 43-ம் ஒரே ஆள் கொண்டுபோனாரா? எல்லாருமே புது வாக்காளர்தானா?

கடைசி பெஞ்ச்: ஆதார் நகல் வைக்காமல் விட்டிருப்பீங்க. வேற காரணமே இருக்காது.

மூன்றாம் வரிசை: ஆதார் எண் கட்டாயமில்லை என்று தேர்தல் ஆணையமே 2023-ல் உச்ச நீதிமன்றத்தில் சொல்லியாயிற்று. இதையே எத்தனை தடவைதான் எழுதுவது? மொத்தமாகக் கட்டிக்கொண்டு போனால் வாங்கக் கூடாது என்பது விதி. ஒரே குடும்பத்தாருடையதை மட்டும் ஒருவர் சேர்த்துத் தரலாம். ஊரைக் கூட்டும் முன் விதியைப் படித்திருக்க வேண்டும்.

தெருவிளக்கு: தாலுகா ஆபீஸ். நான் ஒருவன்தான் போனேன். 11 பேர் விடுதி மாணவிகள், 4 பேர் கல்யாணமாகி இங்கே வந்தவர்கள். மற்றவர்கள் புதுசு.

செம்பருத்தி: இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே! அந்த 4 பேருக்கும் பிறந்த வீட்டுல ஓட்டு இருந்தா படிவம் 6 தப்பு. இடம் மாறினதுக்குப் படிவம் 8. ரெண்டு இடத்துல பேர் இருக்கக் கூடாது. மாணவிகள் விடுதி முகவரியிலயும் பதியலாம், சொந்த ஊர்லயும் பதியலாம். விடுதின்னா கல்லூரி முதல்வர்கிட்ட படிக்கிறதுக்கான சான்று வாங்கி இணைக்கணும்.

கடைசி பெஞ்ச்: இவ்வளவு எதுக்கு? ஏதாவது ஒரு கட்சியோட வாக்குச்சாவடி நிலை முகவர், அதான் பிஎல்ஏகிட்ட கொடுங்க. அவர் ஒரு நாளைக்கு 10 படிவம் வரை பிஎல்ஓகிட்ட தரலாம். அஞ்சு நாள்ல முடிஞ்சுரும்.

செம்பருத்தி: கூடவே கூடாது. கதவைத் திறந்ததும் "நீங்க எந்தக் கட்சி?"ன்னுதானே கேட்டிருப்பாங்க? எதுவும் இல்லைன்னு சொல்லித்தானே பிறந்த தேதியும் போட்டோவும் வாங்கினீங்க? அதைக் கட்சிக்காரர் கையில கொடுத்தா அடுத்த முறை அந்தத் தெருவுக்குள்ள எப்படிப் போவீங்க?

கடைசி பெஞ்ச்: பேர் ஏறினா போதாதா? பிஎல்ஏவுக்கு அந்த உரிமையைக் கொடுத்ததே ஆணையம்தானே.

மூன்றாம் வரிசை: உரிமை அவருக்கு. நம்பிக் கொடுத்தது இவர்களிடம். இரண்டும் ஒன்றல்ல.

புதுமை: நாங்க தெருமுனையில மேசை போட்டு, அவரவர் போன்லயே வாக்காளர் சேவைத் தளத்துல பதிய வச்சோம். ஓடிபியை அவங்களே போட்டாங்க, நாங்க பக்கத்துல நின்னதோட சரி. ஒரு பையனுக்கு மூணு தடவை போட்டோ எடுத்தோம், பின்னால காலண்டர் விழுந்துட்டே இருந்தது. கடைசியில எதிர்வீட்டு வெள்ளைச் சுவர்ல நிக்க வச்சோம். 17 முடிஞ்சவங்களையும் விட்டுடாதீங்க, முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் 1-ம் தேதிகள்ல எதுல 18 நிறையுதோ அதுதான் கணக்கு.

தெருவிளக்கு: (ஆறு நாள் கழித்து) 24 பேர் அவரவர் போனிலேயே முடித்துவிட்டார்கள், குறிப்பு எண்ணும் வந்துவிட்டது. விடுதிச் சான்று திங்களன்று கிடைக்கும். கட்சிப் பக்கம் போகவில்லை. படிவம் 8-ல் ஒரு அக்காவுக்கு மட்டும் பழைய அட்டை தொலைந்துவிட்டது.

செம்பருத்தி: அட்டை வேண்டாம், எண் இருந்தா போதும். பிறந்த ஊர் தொகுதியில அவங்க பேரும் அப்பா பேரும் போட்டுத் தேடுங்க. கல்யாணத்துக்கு முன்னாடி பதிஞ்சது, கணவர் பேர்ல தேடினா வராது.