ஏ-10சி விமானத்தின் வானொலி, வழிகாட்டிப் பலகைகளை எப்படிப் புரிந்துகொள்வது?

தலவாக்கலை_வானவன்

அனைவருக்கும் வணக்கம். டி.சி.எஸ். என்ற கணினிப் போர்விமானச் சிமுலேட்டரில் ஏ-10சி தாக்குதல் விமானத்தை ஓட்டப் பழகி வருகிறேன். மேலெழும்புவதும் திரும்புவதும் ஓரளவு கைவந்துவிட்டன. ஆனால் இருக்கையின் இருபுறமும் குமிழ்களும் பொத்தான்களுமாக இருக்கும் வானொலி, வழிகாட்டிப் பலகைகள் மட்டும் இன்னும் பிடிபடவில்லை. ஜோர்ஜியா நாட்டின் பட்டூமி விமான நிலையத்தின் தரையில் நிற்கும்போது விசைப்பலகையின் சாய்கோட்டு (\) விசையை அழுத்தினால் தரைப்பணியாளர் உடனே பதில் தருகிறார். வானில் ஏறிய பிறகோ, யு.எச்.எஃப். (மீயுயர் அதிர்வெண்) வானொலியில் 260.000 மெகாஹேர்ட்ஸ் என்று சரியாகவே வைத்திருந்தும் விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரம் வாய் திறப்பதில்லை. தரை நிலையத்தின் திசையைக் காட்டும் டாக்கான் பலகையில் பட்டூமியின் அலைவரிசை எண்ணான 16எக்ஸ் வைத்தாலும் திசைமுள் பட்டூமியைக் காட்டாமல் வேறெங்கோ நிற்கிறது. எந்தப் பொத்தானை எந்த வரிசையில் அழுத்துவது என்று சொல்லும் காணொளிகள் ஏராளமாக உள்ளன. நான் கேட்பது வரிசையை அல்ல; ஒவ்வொரு பலகையும் எதற்காக இருக்கிறது, ஒன்றோடொன்று எப்படித் தொடர்புபடுகிறது என்பதையே. தெரிந்த அண்ணன்மார், அக்காமார் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

நமுனுகுல_காற்று

தம்பி, நல்ல கேள்வி. பலகைகளைப் பெயரை வைத்துப் பிரிக்காமல், அவை எந்தக் கேள்விக்கு விடை தருகின்றன என்பதை வைத்துப் பிரித்துப் பாருங்கள். இடப்பக்கத்தில் உள்ள மூன்று வானொலிகளும் “நான் யாரோடு பேசுகிறேன்” என்பதற்கானவை. வலப்பக்கத்து டாக்கான் “அந்த நிலையம் எந்தத் திசையில், எவ்வளவு தொலைவில் இருக்கிறது” என்பதற்கானது. அதற்கு அருகிலுள்ள ஐ.எல்.எஸ். “ஓடுபாதைக்கு எந்தக் கோட்டில், எந்தச் சரிவில் இறங்குவது” என்பதற்கானது.

முதலில் கோபுரத்தின் மௌனத்தைப் பார்ப்போம். சிமுலேட்டரின் விருப்பத் தேர்வுகளில் எளிய தொடர்பு முறையை (வானொலியைச் சிமுலேட்டரே தேர்ந்து தரும் முறை) அணைத்திருந்தால், அந்தச் சாய்கோட்டு விசை தரையில் பணியாளரோடு பேசுவதற்கு மட்டுமே உதவும். வானில் பேச, திராட்டிலில் (இயந்திர வேகத்தைக் கட்டுப்படுத்தும் கைப்பிடியில்) உள்ள மைக் விசையைப் பயன்படுத்த வேண்டும். அதை முன்னே தள்ளினால் வி.எச்.எஃப். ஏ.எம்., பின்னே இழுத்தால் வி.எச்.எஃப். எஃப்.எம்., கீழே அழுத்தினால் யு.எச்.எஃப். என்று மூன்று வானொலிகளும் மூன்று திசைகளுக்குப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. பட்டூமிக் கோபுரம் 131.000 இலும் 260.000 இலும் கேட்கும். முதலாவது வி.எச்.எஃப். ஏ.எம். வானொலிக்கு உரியது, இரண்டாவது யு.எச்.எஃப். வானொலிக்கு உரியது. நீங்கள் யு.எச்.எஃப். இல் அலைவரிசையை வைத்துவிட்டு விசையை முன்னே தள்ளினால், உங்கள் குரல் வேறொரு வானொலியின் வழியே போய்விடும்.

அடுத்ததாக, அந்த யு.எச்.எஃப். பலகையைச் சற்று நெருங்கிப் பாருங்கள். அலைவரிசை எண்களை மாற்றும் குமிழ்களைத் தவிர இன்னும் இரண்டு முக்கியமான குமிழ்கள் இருக்கின்றன. ஒன்றில் ஆஃப், மெயின், போத், ஏ.டி.எஃப். என்றிருக்கும். மெயினில் வைத்தால் நீங்கள் தேர்ந்த அலைவரிசை மட்டும் கேட்கும். போத்தில் வைத்தால் அதனுடன் 243.0 என்ற அவசர அலைவரிசையும் சேர்ந்து கேட்கும். மற்றதில் மேனுவல், பிரீசெட், கார்டு என்றிருக்கும். இது பிரீசெட்டில் இருந்தால், நீங்கள் எவ்வளவு கவனமாக 260.000 வைத்திருந்தாலும் வானொலி அதைப் பொருட்படுத்தாது. முன்கூட்டியே பதிந்த 20 அலைவரிசைகளில் தேர்ந்திருப்பதிலேயே நிற்கும். உங்கள் சிக்கல் பெரும்பாலும் மைக் விசையிலோ இந்தக் குமிழிலோதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

டாக்கானைப் பொறுத்தவரை, எல்லாரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ஒரு கருவி சமிக்ஞையைப் பெறுவது வேறு, அதைத் திசைகாட்டி முகப்பில் காட்டச் சொல்வது வேறு. வலப்பக்கத்துப் பலகையில் 16எக்ஸ் வைத்தால் பெறும் வேலை மட்டுமே நடக்கிறது. அதைக் காட்டச் சொல்ல, முன்பலகையில் உள்ள வழிகாட்டித் தேர்வுப் பொத்தான்களில் டி.சி.என். என்பதை அழுத்த வேண்டும். அதுவரை முள் உங்கள் பயணத்திட்டத்தின் அடுத்த புள்ளியைக் காட்டிக்கொண்டிருக்கும். முள் பிழையாகக் காட்டவில்லை. நீங்கள் கேட்காத கேள்விக்குச் சரியான விடையைத் தந்துகொண்டிருக்கிறது. டாக்கான் பலகையின் குமிழையும் பாருங்கள். ரிசீவ் நிலையில் திசை மட்டுமே கிடைக்கும். டி/ஆர் நிலையில்தான் விமானம் தானே துடிப்புகளை அனுப்பி, நிலையத்தின் மறுமொழி வந்து சேரும் நேரத்தைக் கொண்டு தொலைவைக் கணக்கிடும்.

சரியான நிலையம்தானா என்று காதாலும் உறுதிசெய்துகொள்ளலாம். இன்டர்கொம் பலகையில் டி.சி.என். குமிழை வெளியே இழுத்து ஒலியைக் கூட்டினால் மோர்ஸ் ஒலி கேட்கும். ஒரு நெடிலும் மூன்று குறிலும், பிறகு ஒரு நெடில், பிறகு இரண்டு நெடில் என்று வந்தால் அது பி.டி.எம்., அதாவது பட்டூமி. இந்தப் பழக்கத்தைத் தொடக்கத்திலேயே வளர்த்துக்கொள்வது மிக நல்லது.

ஹட்டன்_சிங்கமலை

மேலே சொன்னவற்றோடு முழுமையாக உடன்படுகிறேன். மலையகத்தில் வாழும் நமக்கு எளிதில் விளங்கும் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். வி.எச்.எஃப்., யு.எச்.எஃப்., டாக்கான் ஆகிய மூன்றும் பார்வைக்கோட்டில், அதாவது இடையில் தடையில்லாதபோது நேராகச் செல்லும் அலைகள். 2524 மீற்றர் உயரமான பிதுருதலாகலையின் உச்சியில் ஒளிபரப்புக் கோபுரம் அமைந்திருப்பதற்கும், அப்படியிருந்தும் சில தோட்டங்களில் பள்ளத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) கிடைக்காத சமிக்ஞை மேல் மலைக்கு ஏறியதும் கிடைப்பதற்கும் காரணம் இதுவே. காக்கேசியா வரைபடத்தில் பட்டூமிக்குக் கிழக்கிலும் தெற்கிலும் மலைகள் உள்ளன. அவற்றின் பின்னால் தாழ்வாகப் பறந்தால், பலகையில் எல்லாம் சரியாக இருந்தாலும் டாக்கான் அறுந்துபோகும். சமதளத்தின் மேல், அடிக் கணக்கில் கூறிய உயரத்தின் வர்க்கமூலத்தை 1.23 ஆல் பெருக்கினால் பார்வைக்கோட்டின் எல்லை கடல்மைல் கணக்கில் தோராயமாகக் கிடைக்கும். 1,000 அடியில் அது சுமார் 39 கடல்மைல், 10,000 அடியில் சுமார் 123 கடல்மைல். எனவே சமிக்ஞை கிடைக்காதபோது குமிழ்களைத் திருகுவதற்கு முன் உயரத்தைப் பாருங்கள்.

டாக்கான் காட்டும் தொலைவு தரையில் அளந்த தொலைவு அல்ல, விமானத்திலிருந்து நிலையத்துக்கு நேராக அளந்த சாய்தொலைவு. 12,000 அடியில் நிலையத்துக்கு நேர் மேலே பறக்கும்போதும் அது சுழியத்துக்கு வராது. ஏறத்தாழ 2 கடல்மைல் என்றே காட்டும்.

தலவாக்கலை_வானவன்

இருவருக்கும் மிக்க நன்றி. குமிழ் பிரீசெட்டில்தான் இருந்தது. மாற்றியதும் கோபுரம் பதில் தந்தது. டாக்கான் முள்ளும் இப்போது பட்டூமியைக் காட்டுகிறது. ஐ.எல்.எஸ். பலகையில் 110.30 வைத்துக் கடல் பக்கமிருந்து 13 ஆம் ஓடுபாதைக்கு வருகிறேன். ஆனால் செயற்கை அடிவானக் கருவியில் வழிகாட்டும் கம்பிகள் தோன்றவில்லை. சரிவுக்கென்று வேறு அலைவரிசை வைக்க வேண்டுமா?

நமுனுகுல_காற்று

வேண்டியதில்லை. 110.30 என்பது ஓடுபாதையின் நடுக்கோட்டைக் காட்டும் அலைவரிசை. சரிவுக்கான சமிக்ஞை 329 முதல் 335 மெகாஹேர்ட்ஸ் வரையிலான வேறொரு பட்டையில் வருகிறது. ஆனால் இரண்டும் சோடியாக நிர்ணயிக்கப்பட்டிருப்பதால், ஒன்றை வைத்ததும் கருவி மற்றதைத் தானே எடுத்துக்கொள்ளும். நீங்கள் பார்க்க வேண்டியவை மூன்று. ஐ.எல்.எஸ். பலகையின் மின்வழங்கல் குமிழ் இயங்கு நிலையில் இருக்க வேண்டும். டி.சி.என். அழுத்திய அதே தேர்வுப் பலகையில் ஐ.எல்.எஸ். பொத்தானையும் அழுத்த வேண்டும். அந்தப் பலகையிலேயே ஏபிள், ஸ்டோ என்று ஒரு சிறு விசை உண்டு. அது ஸ்டோவில் இருந்தால் சமிக்ஞை வந்தாலும் கம்பிகள் ஒதுங்கியே நிற்கும், ஏபிளுக்கு மாற்றுங்கள்.

பதுளை_வான்வழி

தம்பி பின்னர் எஃப்-16 போர்விமானத்துக்கு மாறினால் இந்தப் பலகைகளைத் தேடித் திகைக்க வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன். அங்கே பெரும்பாலானவை கண்ணெதிரே உள்ள ஒரே எண்பலகையில் அடங்கியிருக்கின்றன. எண் 1 க்குரிய பொத்தானை அழுத்தினால் டாக்கானும் ஐ.எல்.எஸ். உம் ஒரே பக்கத்தில் வரும். 16 என்று இட்டு உள்ளிட்டால் அதை டாக்கான் அலைவரிசையாகவும், 11030 என்று இட்டால் ஐ.எல்.எஸ். அலைவரிசையாகவும் விமானமே பிரித்தறிந்துகொள்ளும். சுழியத்தை உள்ளிட்டால் டாக்கான் அலைவரிசையின் வகை எக்ஸ், வை என்று மாறும். நமுனுகுல அண்ணன் சொன்ன பெறுதல், காட்டுதல் என்ற பிரிவு இங்கும் அப்படியே இருக்கிறது. திசைகாட்டி முகப்பின் மூலையிலுள்ள எம் பொத்தானை அழுத்தி டாக்கான் நிலைக்கு மாற்றினால்தான் முள் நிலையத்தைக் காட்டும். ஐ.எல்.எஸ். க்கான மின்வழங்கல் குமிழ் மட்டும் இடப்பக்கத்து ஒலிப்பலகையில் தனியாக இருக்கிறது. இறங்கத் தொடங்கும் முன்னரே அதைத் திருப்பி வைத்துவிடுங்கள்.