5 அடி 9 அங்குல கார்டுக்குக் கல்லூரிக் கூடைப்பந்து அணியில் ஆட நேரம் கிடைக்குமா?

கடைசி_வரிசை:

என் தம்பி அமெரிக்காவில் முதல் டிவிஷன் (கல்லூரி விளையாட்டில் மேல்தட்டு) கல்லூரி ஒன்றில் முதலாம் ஆண்டு, கூடைப்பந்தில் பாயின்ட் கார்டு, அதாவது பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துபவன். அணியின் பட்டியலில் அவன் உயரம் 5 அடி 11 என்று போட்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டுச் சுவரில் பென்சிலால் கிழித்த கோட்டின்படி 5 அடி 9, அதுவும் ஷூ போட்டுக்கொண்டு நின்றபோது.

இதுவரை 14 மேட்ச், மொத்தமாக 31 நிமிடம் ஆடியிருக்கிறான். அதிலும் பாதிக்கு மேல் ஆட்டம் எப்போதோ முடிந்துபோய், அரங்கத்தில் ஆட்கள் எழுந்து காரைத் தேடிப் போகும் நேரத்தில் கிடைத்தது. பள்ளியில் இவனை நம்பித்தான் அணியே இருந்தது, மேட்சுக்கு 22 புள்ளி சராசரி. இங்கே அசிஸ்டன்ட் கோச் ஒருவர் "உன் ஆட்டத்தில் குறையில்லை, மேட்ச்அப்தான் பிரச்சினை" என்றாராம், அதாவது எதிரணியில் யாரை இவன் காவல் காப்பது என்பது. அதற்கு அர்த்தம் "நீ குள்ளம்" என்பதுதானே? வளர்ந்துகொண்டு வா என்று சொல்ல முடியாது, அதனால் இப்படிச் சொல்கிறார்கள்.

அப்பா இப்போதே வேறு கல்லூரிக்கு மாறச் சொல்கிறார். அவன் இருந்து போராடுகிறேன் என்கிறான், ஆனால் போனில் குரல் சரியில்லை. எனக்கு ஆட்டம் பார்க்கத் தெரியும், உள்ளே நடப்பது தெரியாது. இந்த உயரத்தில் உண்மையிலேயே இடம் பிடிக்க முடியுமா, இல்லை நாங்கள் எல்லோரும் சேர்ந்து அவனை ஏமாற்றிக்கொண்டிருக்கிறோமா? ஆறுதல் வேண்டாம், நிஜத்தைச் சொல்லுங்கள்.

முன்னாள்_மேனேஜர்:

கல்லூரி அணி ஒன்றில் மூன்று வருடம் மாணவர் மேனேஜராக இருந்தேன். வேலையில் பாதி துண்டு மடிப்பது, மீதி வீடியோ வெட்டுவது. அந்த வீடியோ பாதியிலிருந்து சொல்கிறேன்.

முதலில் ஒன்று. "மேட்ச்அப்" என்று கோச் சொன்னது சாக்கு இல்லை. கோச் உயரத்தை அளந்து பார்ப்பதில்லை, இந்தப் பையன் உள்ளே இருந்தால் எதிரணி எங்கே அடிக்கும் என்றுதான் பார்க்கிறார். எதிரணிக்கும் எங்களைப்போல வீடியோ வெட்டுகிற ஆள் உண்டு. உங்கள் தம்பி கோர்ட்டுக்குள் வந்ததும் அவன் யாரைக் காவல் காக்கிறானோ அவனையே கூப்பிட்டு ஸ்கிரீன் போடச் சொல்வார்கள், அதாவது பந்து வைத்திருப்பவனைக் காப்பவனின் வழியில் போய் மறித்து நிற்கச் சொல்வார்கள். காவல் காக்கும் இருவரும் ஆளை மாற்றிக்கொண்டால் இவன் 6 அடி 8 அங்குல ஃபார்வர்டுக்கு முன்னால் நிற்பான், அந்த ஃபார்வர்டு முதுகைக் காட்டிக்கொண்டு இரண்டு அடி பின்னால் வந்தால் போதும். உதவிக்கு இன்னொருவன் ஓடினால் மூலையில் ஒருவன் தனியாக நின்று மூன்று புள்ளி போடுவான். ஸ்கோர் ஷீட்டில் அந்தத் தவறு உங்கள் தம்பி பெயரில் வராது, உதவிக்கு ஓடியவன் பெயரில்கூட வராது. ஆனால் மறுநாள் வீடியோவில் கோச் எங்கே நிறுத்துவார் தெரியுமா? அந்த ஸ்கிரீனில்தான் நிறுத்துவார்.

இதில் ஒரு விஷயம் பலருக்குப் புரிவதில்லை. பள்ளியில் 22 புள்ளி எடுத்தது இங்கே அவனுக்கு உதவாது, ஏனென்றால் புள்ளி எடுக்க அந்த அணியில் ஏற்கெனவே நான்கு பேர் இருக்கிறார்கள், அவர்கள் எல்லோரும் அவனைவிட உயரம். மாற்று பாயின்ட் கார்டிடம் கோச் கேட்பது மிகச் சின்ன விஷயம். நான்கு நிமிடம் உள்ளே போ, பந்தைத் தொலைக்காதே, ஸ்கோர் இருந்த இடத்திலேயே இருக்கட்டும், வெளியே வா. அவ்வளவுதான்.

அந்த நான்கு நிமிடம் எங்கிருந்து வரும் என்று கணக்குப் போடுங்கள். ஆட்டம் 40 நிமிடம், இரண்டு கார்டு இடத்துக்கும் சேர்த்து 80. முதல் இருவர் ஆளுக்கு 33 ஆடினால் மிச்சம் 14. மூன்றாவது கார்டு 10 எடுத்துக்கொள்வான். மிச்சம் இருக்கும் 4க்கு உங்கள் தம்பியும் இன்னும் இரண்டு பேரும் காத்திருக்கிறார்கள். அதற்கான கதவும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் திறக்கும்: முதல் பாதியில் பாயின்ட் கார்டு இரண்டாவது ஃபவுல் வாங்குவான். ஐந்தானால் வெளியே என்பதால் பல கோச்சுகள் இரண்டோடு அவனை இடைவேளை வரை உட்கார வைத்துவிடுவார்கள். அந்த நொடியில் கோச் பெஞ்சைத் திரும்பிப் பார்ப்பார். அப்போது அவர் கண் யார்மேல் நிற்கிறது என்பது நவம்பர் மாதப் பயிற்சியிலேயே முடிவாகியிருக்கும்.

உயரத்தை ஈடுகட்ட எனக்குத் தெரிந்து ஒரே நல்ல வழி, பந்து கொண்டுவருபவனை எதிரணியின் எல்லைக்கோட்டிலிருந்தே நெருக்குவது. முழுக் கோர்ட்டும் எதிராளியின் மேலேயே இருக்க வேண்டும். பறிக்கக்கூட வேண்டாம். கல்லூரி ஆட்டத்தில் ஷாட் கடிகாரம் 30 விநாடி, அதற்குள் வளையத்தை நோக்கிப் பந்தை எறிந்தாக வேண்டும். பந்தை நடுக்கோட்டைத் தாண்டிக் கொண்டுவரவே 8 விநாடி செலவாகும்படி செய்துவிட்டால், அந்த ஸ்கிரீன், மாற்று, ஃபார்வர்டைத் தேடிக் கொடுப்பது எல்லாவற்றையும் 22 விநாடிக்குள் முடிக்க வேண்டும், பல அணிகளுக்கு அது அவசரம். குள்ளமாக இருப்பது அங்கே வசதி. பந்து தரையிலிருந்து எழும்பும் உயரத்தில்தான் அவன் கை இருக்கிறது.

பழைய_ஸ்கோர்ஷீட்:

மேனேஜர் சொன்ன கடைசி வரிக்கு ஒரு சாட்சி. முதல் டிவிஷனில் ஒரு ஆட்டக்காரர் தன் கல்லூரிக் காலம் முழுதும் பறித்த பந்துகளின் சாதனை நீண்ட காலம் பிராவிடென்ஸ் அணியின் ஜான் லினெஹன் கையில் இருந்தது, 385. அதை முறியடித்தவர் ரிச்மண்டின் ஜேக்கப் கில்யார்ட், 466இல் போய் நிறுத்தினார். இருவரும் 5 அடி 9. உங்கள் வீட்டுச் சுவர்க்கோடும் அதேதான்.

இன்னொன்று, இது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். கல்லூரிகளின் தேசியப் போட்டியான ஆண்கள் என்.சி.ஏ.ஏ. போட்டியில் 16ஆம் நிலை (வரிசையில் கடைசி) அணி முதல் நிலை அணியை முதன்முதலாக வீழ்த்தியது 2018இல், யு.எம்.பி.சி. என்ற பல்கலைக்கழக அணி வர்ஜீனியாவை 74-54 என்று அடித்துத் துவைத்தது. அவர்களுடைய பாயின்ட் கார்டு கே.ஜே. மௌரா 5 அடி 8. அடுத்தது 2023, ஃபேர்லி டிக்கின்சன் 63-58 என்று பர்டூவைத் தோற்கடித்தது. அந்த வருடம் முதல் டிவிஷனிலேயே சராசரி உயரம் மிகக் குறைந்த அணி ஃபேர்லி டிக்கின்சன்தான். அதன் கார்டு டெமெட்ரே ராபர்ட்ஸ் 5 அடி 8. எதிரே நின்றவர் 7 அடி 4 அங்குல ஸாக் ஈடி! அவரிடம் பந்து போகாமல் முன்னும் பின்னும் ஆள் நிறுத்தி, பந்து கொண்டுவருகிற இளம் கார்டுகளை நெருக்கிக்கொண்டே இருந்தார்கள்.

அப்புறம் மக்ஸி போக்ஸ். 5 அடி 3. எல்லோரும் அவருடைய என்.பி.ஏ. (தொழில்முறை லீக்) கதையைச் சொல்வார்கள், வேக் ஃபாரஸ்ட் கல்லூரியில் அவருடைய முதல் சீசன் பற்றி யாரும் சொல்வதில்லை. 1983-84இல் மேட்சுக்குப் பத்து நிமிடம்கூட வரவில்லை, புள்ளி சராசரி ஒன்று சொச்சம். கடைசி சீசனில் மேட்சுக்கு 14.8 புள்ளி, 9.5 அசிஸ்ட் (சகா புள்ளி எடுக்கக் கொடுத்த பாஸ்). முதல் வருட 31 நிமிடத்தை வைத்து ஆளை முடிவு கட்ட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

மூன்றாம்_டிவிஷன்:

போக்ஸ் பெயரைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும், மன்னிக்கவும். நான் 5 அடி 8. பன்னிரண்டு வயதிலிருந்து ஒவ்வொரு மாமாவும் சித்தப்பாவும் அவர் பெயரைச் சொல்லியே என்னைத் தட்டிக்கொடுத்தார்கள். அவரைப்போல ஒருவர் வந்தார், சரி. அவர் உயரத்தில் ஆடிப்பார்த்து யாருக்கும் தெரியாமல் போனவர்கள் எத்தனை ஆயிரம் பேர், அவர்கள் பட்டியலை யார் வைத்திருக்கிறார்கள்?

நான் மூன்றாம் டிவிஷனில் ஆடினேன். அங்கே விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது, அதனால் ஆசைக்குத்தான் ஆடுகிறோம். இரண்டு வருடம் பெஞ்ச். நான் செய்த தவறு என்ன தெரியுமா? கிடைத்த இரண்டு நிமிடத்தில் நான் யார் என்று காட்டப் போனேன். உள்ளே போனதும் முதல் பந்திலேயே 25 அடியிலிருந்து ஷாட். போனால் ஹீரோ, போகாவிட்டால் அடுத்த மூன்று மேட்ச் தண்ணீர் பாட்டில். பெரும்பாலும் தண்ணீர் பாட்டில்தான். மூன்றாம் வருடம் ஒரு சீனியர் சொன்னான், "நீ உள்ளே வரும்போது எங்களுக்குப் பதற்றமாக இருக்கிறது." அது சுட்டது. கோச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன், கூட ஆடுபவன் சொன்னதால் பதில் இல்லை.

அதற்குப் பிறகு நான் கற்றுக்கொண்டது இரண்டு. ஒன்று, ஃப்ளோட்டர். சின்ன ஆளுக்கு வளையம்வரை போய் முடிப்பது பெரிய ஆள் கையில் மாட்டும் வேலை, அதனால் எட்டு பத்து அடியிலேயே, ஒரு காலில், அவன் குதிப்பதற்கு முன்பே பந்தை மேலே தூக்கிவிட வேண்டும். தினமும் நூறு. இரண்டு, வாய். டிஃபென்ஸில் "ஸ்கிரீன் இடது, நான் இருக்கிறேன், போ" என்று கத்திக்கொண்டே இருப்பது. அதற்கு உயரம் தேவையில்லை, வெட்கம்தான் போக வேண்டும். கடைசி வருடம் மேட்சுக்கு 11 நிமிடம் ஆடினேன். யாரும் என்னைப் பற்றி எழுதவில்லை. எனக்கு அந்த 11 நிமிடம் போதுமாக இருந்தது, உங்கள் தம்பிக்குப் போதுமா என்பதை அவனிடம்தான் கேட்க வேண்டும்.

கோடு_தாண்டி:

மாறச் சொல்லும் அப்பா தவறில்லை என்று நினைக்கிறேன். 2021க்கு முன் கல்லூரி மாறினால் பொதுவாக ஒரு வருடம் வெளியே உட்கார வேண்டும், இப்போது அந்தத் தொல்லை இல்லை. ஆனால் அதே கதவு வழியாகத்தான் அவன் இடத்துக்கு வேறு ஆளும் வருவான். வசந்த காலம் வந்தால் எந்தக் கோச்சும் 18 வயதுப் பையனை வளர்ப்பதைவிட, வேறு இடத்தில் மூன்று வருடம் ஆடிய 22 வயது ஆளை எடுத்துக்கொள்ளவே பார்ப்பார். அதனால் சீசன் நடுவில் ஓட வேண்டாம், சீசன் முடிந்ததும் அணியில் யார் யார் போகிறார்கள் என்று பார்த்துவிட்டு, கோச்சிடமே நேராகக் கேட்கட்டும்: அடுத்த வருடம் என்னை எங்கே வைத்திருக்கிறீர்கள்? பதில் சுற்றி வளைத்து வந்தால் பெட்டியைக் கட்டலாம்.

இன்னொன்றும் பாருங்கள். போகிற இடத்தில் பின்னால் யார் நிற்கிறார் என்பது முக்கியம். உயரமான சென்டர் வளையத்துக்கு அடியில் இருந்தால், முன்னால் சின்ன கார்டு ஏமாந்தாலும் பின்னால் தடுக்க ஆள் உண்டு. 2023இல் ஃபேர்லி டிக்கின்சனிடம் திணறிய பர்டூ கார்டு பிரேடன் ஸ்மித், பட்டியலில் 6 அடி. அவரும் ஈடியும் சேர்ந்துதான் அடுத்த வருடமே அந்த அணியை இறுதிப்போட்டி வரை கொண்டுபோனார்கள். எல்லா ஆளையும் மாற்றிக்கொள்ளும் டிஃபென்ஸ் ஆடுகிற அணிக்குச் சின்ன கார்டு போகவே கூடாது. அங்கே போனால் மேனேஜர் சொன்ன வீடியோதான்.

கடைசி_வரிசை:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு அவனோடு ஒன்றரை மணி நேரம் பேசினேன். வழக்கமாக நான்கு நிமிடத்தில் வைத்துவிடுவான்.

மேனேஜர் கேட்கச் சொல்லாததையும் கேட்டேன்: உங்கள் அணி ஸ்கிரீனில் என்ன செய்யும்? "எல்லாவற்றையும் மாற்றுவோம்" என்றான். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அப்புறம் அவனே சொன்னான், பயிற்சியில் அவனை முதல் அணியின் பாயின்ட் கார்டு மேல் முழுக் கோர்ட்டுக்கும் விடுகிறார்களாம், அந்த சீனியர் இவனைப் பார்த்தாலே திட்டுகிறானாம். இதை அவன் குறையாகச் சொன்னான்! அந்த 31 நிமிடத்தில் எத்தனை ஷாட் போட்டாய் என்றேன். 19. எத்தனை உள்ளே போனது என்று நான் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை.

மூன்றாம் டிவிஷன் அண்ணன் எழுதியதை அப்படியே அனுப்பினேன். "பதற்றமாக இருக்கிறது" என்ற வரியை மட்டும் படம் பிடித்துத் திருப்பி அனுப்பினான், வேறு எதுவும் எழுதவில்லை.

முன்னாள்_மேனேஜர்:

31 நிமிடத்தில் 19 ஷாட்டா? அம்மாடி. முழு மேட்சுக்குக் கணக்குப் போட்டால் 24 ஷாட்டுக்கு மேல் வருகிறது, அணியின் நட்சத்திரம்கூட அவ்வளவு போடமாட்டான். சரி, இது உயரப் பிரச்சினை இல்லை, நல்ல செய்தி.

ஆனால் அந்த சீனியர் திட்டுகிறான் என்பதுதான் இந்தத் திரியிலேயே முக்கியமான வரி. பயிற்சியில் அவனை அங்கே விடுவது கோச், அவனாகப் போய் நிற்கவில்லை. அடுத்த மேட்சில் அந்த சீனியர் முதல் பாதியில் இரண்டு ஃபவுல் வாங்கினால், பெஞ்சின் பக்கம் காமெரா திரும்பும்போது பாருங்கள். வந்து எழுதுங்கள்.