பரதவர் சாதித் தலைவரின் அதிகாரம் எங்கிருந்து வந்தது?

கேள்வி (வீரபாண்டியன்பட்டினம்):
ஏரோதுக்குப் பின் அவன் மகன் அர்க்கெலாவு யூதேயாவை ஆள்வதைக் கேள்விப்பட்டு, யோசேப்பு அங்கே போக அஞ்சினார் என்று மத்தேயு நற்செய்தி சொல்கிறது. அர்க்கெலாவு முழு அரசன் அல்லன். உரோமைக்குக் கீழ்ப்பட்டுத் தன் இனத்தாரை ஆண்ட தலைவன். வேம்பார் முதல் மணப்பாடு வரை ஏழு கடற்துறைகளுக்கும் தலைமை தாங்கிய நம் பாண்டியபதியும், அதாவது கடலோர மக்களான பரதவரின் சாதித் தலைவரும், அத்தகையவர்தானா? மறைக்கல்வி வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். தெளிவான பதில் கொடுக்க விரும்புகிறேன்.

மறுமொழி 1 (பாளையங்கோட்டை):
ஏறத்தாழ அப்படித்தான், ஐயா. தகுதியாக நடந்துகொண்டால் பிறகு அரசன் பட்டம் தருவதாகச் சொல்லித்தான் அகுஸ்து சீசர் அர்க்கெலாவிடம் யூதேயாவையும் சமாரியாவையும் இதுமேயாவையும் ஒப்படைத்தார். அவனுடைய கொடுமை தாளாமல், ஒருவரோடொருவர் ஒட்டாத யூதரும் சமாரியரும்கூட உரோமைக்குப் போய் முறையிட்டனர். கி.பி. 6இல் அவன் நாடுகடத்தப்பட்டான். யூதேயா உரோமை ஆளுநரின் கைக்குப் போயிற்று. மேலிருந்து கொடுத்த பதவியை மேலிருப்பவரே பறித்துக்கொண்டார். சாதித் தலைவரையும் போர்த்துக்கீசியர் தம் வசதிக்காகவே தாங்கிப் பிடித்தனர்.

மறுமொழி 2 (தூத்துக்குடி):
அண்ணாச்சி சொல்வதில் பாதியைத்தான் ஒப்புக்கொள்ள முடிகிறது. 1530களில் முத்துக்குளிப்புச் சண்டையில் நெருக்கப்பட்ட பரதவர், தாங்களே கொச்சிக்குத் தூது அனுப்பிப் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பைத் தேடித் திருமுழுக்குப் பெற்றார்கள். 1542இல் வந்த சவேரியாரும் ஊர்க் காரியங்களைப் பட்டங்கட்டிகள் என்ற ஊர்த் தலைவர்கள் வழியாகவே நடத்த வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் விட 1658ஐப் பாருங்கள்: டச்சுக்காரர் தூத்துக்குடியைப் பிடித்தார்கள், கத்தோலிக்கக் குருக்களை விரட்டினார்கள், ஆனாலும் மக்கள் ஆள்வோரின் சபைக்கு மாறவில்லை. தலைவர் வெறும் கைப்பாவையாக இருந்திருந்தால் அவரைக் கொண்டே மக்களை மாற்றியிருப்பார்கள். 1806இல் பனிமய மாதாவுக்குத் தங்கத் தேர் செய்துகொடுத்தவரும் அன்றைய சாதித் தலைவரே. வடத்தை முதலில் தொட்டு இழுக்கும் உரிமை அவருடையதாக இருந்தது. அந்த உரிமையை எந்தக் கும்பினியும் கொடுக்கவில்லை.

மறுமொழி 3 (மணப்பாடு):
இத்தகைய தலைவர் தம் மக்களுக்காக மேலிடத்தில் பேசுபவர். மேலிடத்துக்காகத் தம் மக்களிடம் பிணை நிற்பவரும் அவரே. 1821இல் கிரேக்கர் கிளர்ந்தெழுந்தபோது, துருக்கி சுல்தான் தம் ஆட்சியிலிருந்த ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களின் தலைவரான முதுபெரும் தந்தை கிரகோரியைக் கான்ஸ்டான்டிநோபிளில் தூக்கிலிட்டார். அதே ஆண்டு சைப்பிரஸ் பேராயர் கிப்ரியானோசும் தூக்கிலிடப்பட்டார். சைப்பிரஸ் மக்களின் வரிக்கும் பேராயரே பொறுப்பாளியாக இருந்தவர்.

நம் தலைவருக்கு அந்தக் கொடுமை நேரவில்லை. அவருக்கு வினை உள்ளிருந்தே வந்தது. 19ஆம் நூற்றாண்டில் வணிகத்தில் உயர்ந்த மேசைக்காரருக்கும், கடலில் உழைத்த கம்மாரக்காரருக்கும் பிளவு முற்றியது. கோவாக் குருக்களும் இயேசு சபையாரும் கோயில் உரிமைக்காக மோதியபோது இவ்விரு பிரிவினரும் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்தார்கள். ஆங்கிலேயர் காலத்திலும் முத்துக்குளிப்பில் தலைவருக்கு உரிமைப் பங்கு கிடைத்தது. ஆனால் ஊர் முழுவதும் ஒரே குரலாக அவர் பின்னால் நிற்கவில்லை. 1961க்குப் பின் முத்துக்குளிப்பும் நின்றுவிட்டது. அந்த மாணவியிடம் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கம்மாரக்காரர் பக்கக் கதையை நம் ஊர்களில் யாரும் பிள்ளைகளுக்குச் சொல்வதே இல்லை.