தம்பிக்கு மனச்சிதைவு என்கிறார்கள். "குரல் கேட்குது" என்று அவன் சொல்லும்போது நான் என்ன சொல்வது?

மன்னைக்காரி:
மன்னார்குடி பக்கம் கிராமம் எங்களுக்கு. தம்பிக்கு 22 வயது. டிப்ளமோ முடித்துவிட்டு ஓசூரில் ஒரு கம்பெனியில் இருந்தான். பொங்கலுக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. ராத்திரி தூக்கமே கிடையாது. அது சம்பா அறுப்பு நேரம். அறுப்பு மெஷின் சத்தத்துக்குள்ளே இரண்டு பேர் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றான். "இதோ எழுந்துட்டான், இதோ தண்ணி குடிக்கிறான்" என்று அவன் செய்வதையெல்லாம் சொல்லிக்கொண்டே இருக்கிறார்களாம். மெஷின் போன பிறகு மோட்டார் கொட்டகையிலிருந்து அதே குரல். நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறவர்களும் பக்கத்து வீட்டுக்காரரும் கூட்டு என்று சிம்மைக் கழற்றி வாய்க்காலில் எறிந்துவிட்டான்.

தஞ்சாவூரில் காட்டினோம். ஸ்கிசோஃப்ரினியா, அதாவது மனச்சிதைவு என்று சொல்லி ரிஸ்பெரிடோன் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். இப்போது குரல் குறைந்திருக்கிறது, ஆனால் பேச்சும் இல்லை, குளிப்பதும் இல்லை. திண்ணையில் உட்கார்ந்தால் உட்கார்ந்த இடம்தான். அம்மா செய்வினை என்கிறார். அப்பா, "வேலைக்குப் போகச் சோம்பேறித்தனம்" என்கிறார். அவன் தலைக்குள் என்னதான் நடக்கிறது? குரல் கேட்குது என்றால் ஆமாம் என்பதா, இல்லை என்பதா?

வெண்ணாற்றங்கரை:
தங்கச்சி, எனக்கே இந்த நோய் உண்டு. இருபதுகளின் தொடக்கத்தில் வந்தது, இப்போது நாற்பது தாண்டிவிட்டேன். ஒரு உரக்கடையில் கணக்கு எழுதுகிறேன். டாக்டர் சொல்வதை டாக்டர் சொல்லட்டும், உள்ளே எப்படி இருக்கும் என்பதை நான் சொல்கிறேன்.

முதலில், அது கற்பனை இல்லை. கற்பனை என்றால் நாமே செய்கிறோம் என்று நமக்குத் தெரியும். இது காதில் விழுகிறது. எனக்கு மின்விசிறியிலிருந்து வந்தது, உங்கள் தம்பிக்கு மோட்டாரிலிருந்து. எல்லோருமே மனதுக்குள் பேசிக்கொள்கிறோம், இல்லையா? அந்தப் பேச்சில் "இது என்னுடையது" என்று மூளை ஒரு முத்திரை குத்திவிடுகிறது, அதனால் நாம் திடுக்கிடுவதில்லை. இந்த நோயில் அந்த முத்திரை சரியாக விழுவதில்லை என்று ஆராய்ச்சியாளர்கள் பலர் நினைக்கிறார்கள். குரல் கேட்கும் நேரத்தில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், பேச்சுக்கும் கேட்பதற்கும் உரிய மூளைப் பகுதிகள் வேலை செய்வதும் தெரிகிறது. ஆக, கேட்பது நிஜம். பேசுகிற ஆள்தான் இல்லை.

அடுத்தது சந்தேகம். எது முக்கியம், எதைக் கண்டுகொள்ள வேண்டாம் என்று தரம் பிரிப்பதில் டோபமைன் என்ற ரசாயனத்துக்குப் பங்கு உண்டு. அது மிஞ்சிப்போனால் எல்லாமே முக்கியமாகிவிடும். டீக்கடையில் ஒருவர் இருமினால் எனக்காக இருமுகிறார். பஸ் நம்பரில் எனக்கு ஒரு சேதி இருக்கிறது. எதற்கென்றே தெரியாமல் அப்படி மாதக்கணக்கில் நடுங்கிக் கிடந்தேன். அப்புறம் ஒருநாள், "ஓ, இவர்கள் எல்லோரும் கூட்டு" என்று தோன்றியதும் பயம் போகவில்லை, ஆனால் ஒரு தெளிவு வந்தது. அதனால்தான் அந்த எண்ணத்தை யார் பிடுங்கப் பார்த்தாலும் விடமாட்டோம். "அப்படியெல்லாம் யாரும் இல்லடா" என்று எங்க அண்ணன் வாதாடினார். அவரையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிட்டேன்.

எங்க அத்தை வாதாடவே இல்லை. "எனக்குக் கேக்கலப்பா. உனக்குக் கேக்குதுல்ல, பயமா இருக்கா?" என்று மட்டும் கேட்பார். ஆமாம் என்றால் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பார். நீங்களும் அதையே சொல்லுங்கள். ஆமாம் போட வேண்டாம், மறுக்கவும் வேண்டாம். பயத்தைப் பற்றி மட்டும் கேளுங்கள்.

இனி அப்பாவுக்கு. இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குரலைவிட இதுதான் என் வாழ்க்கையில் அதிகம் எடுத்துக்கொண்டது. மாத்திரை குரலை அடக்கும். ஆனால் ஒன்றைத் தொடங்குகிற உந்துதல் இருக்கிறதே, அது நோயிலேயே கரைந்துபோகிறது. மாத்திரை அதை அவ்வளவாகத் திருப்பித் தருவதில்லை. குளிக்க வேண்டும் என்று தெரியும். துண்டு எடுக்க வேண்டும், வாளி நிரப்ப வேண்டும், சட்டையைக் கழற்ற வேண்டும், இதில் எது முதலில் என்று யோசிப்பதற்குள் மனசு ஓய்ந்துவிடும். கடைக்குப் போய் மூன்று சாமான் வாங்கச் சொன்னால் ஒன்றுதான் நினைவிருக்கும். முகத்தில் சிரிப்பு வராது, அதற்காக உள்ளே ஒன்றும் இல்லை என்று அர்த்தமில்லை. இதைச் சோம்பேறித்தனம் என்பது, காய்ச்சல்காரன் படுத்திருப்பதைச் சோம்பேறித்தனம் என்பதுதான்.

"குளிடா" என்று சொல்லாமல் துண்டைக் கையில் கொடுத்து, "வாளி ரொம்பிடுச்சு, வா" என்று சொல்லிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு வேலை. இன்னொன்று: உடம்பு விறைப்பு, கை நடுக்கம், கால் ஓரிடத்தில் நிற்காத தவிப்பு இதெல்லாம் மாத்திரையால் வரலாம். டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார், வேறு மாத்திரைக்கு மாற்றுவார். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

கொள்ளிடக்கரை:
குணசீலம் பெருமாள் கோயிலுக்குக் கூட்டிப் போங்கள். ஒரு மண்டலம், 48 நாள் தங்க வேண்டும். எங்கள் ஊரில் ஒருவர் போய்த் தெளிந்து வந்தார்.

வார்டு சிஸ்டர்:
குணசீலம் போகட்டும், தப்பில்லை. அங்கே கோயில் வளாகத்திலேயே உரிமம் பெற்ற மனநல மறுவாழ்வு மையம் இருக்கிறது. மாத்திரைப் பையும் கூடவே போக வேண்டும், அவ்வளவுதான். ஆனால் கட்டிப்போடுகிற இடம் எதுவானாலும் பக்கமே போகாதீர்கள். ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் இருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலி போடுவதையே தடை செய்திருக்கிறது.

அம்மாவிடம் சொல்லுங்கள்: செய்வினையும் இல்லை, வளர்த்த விதமும் இல்லை. பரம்பரைக்குப் பங்குண்டு, ஆனால் அது மட்டுமே இல்லை. ஒரே கருமுட்டையிலிருந்து உருவான, அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்கும் இரட்டையரில் ஒருவருக்கு வந்தாலும், மற்றவருக்குப் பாதிக்கும் மேற்பட்ட நேரங்களில் வருவதில்லை. திட்டுவதால் இந்த நோய் வராது. ஆனால் ஓயாமல் குறை சொல்கிற வீட்டில் அடங்கிய நோய் திரும்ப வருவது அதிகம்.

வெண்ணாற்றங்கரை அண்ணன் சொல்லாத ஒன்று. அந்தக் குரல் சாகச் சொல்கிறதா என்று தம்பியிடம் நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வராது. பூச்சிமருந்து டப்பாக்களை இன்றைக்கே வீட்டிலிருந்தும் மோட்டார் கொட்டகையிலிருந்தும் எடுத்து வேறு இடத்தில் பூட்டி வையுங்கள். ஆமாம் என்று சொன்னால் அவனைத் தனியாக விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம், 24 மணி நேரமும் உண்டு. எடை, சர்க்கரை இரண்டையும் அவ்வப்போது பார்க்கச் சொல்லுங்கள். சிலருக்கு இந்த மாத்திரைகளில் ஏறும்.

மன்னைக்காரி:
டப்பாக்களைச் சித்தப்பா வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். அவனிடமும் கேட்டேன், அப்படிச் சொல்லவில்லை என்றான். கேட்டதும் கொஞ்ச நேரம் அழுதான். அப்பாவுக்கு நீங்கள் எழுதியதை வாசித்துக் காட்டினேன், பதில் பேசவில்லை. ஓசூர் கம்பெனியிலிருந்து போன் வருகிறது. அனுப்பலாமா? அங்கே நைட் ஷிப்ட் உண்டு.

வெண்ணாற்றங்கரை:
நைட் ஷிப்ட் வேண்டவே வேண்டாம். தூக்கம் கெட்டால் எனக்கு இன்றைக்கும் மின்விசிறி பேச ஆரம்பிக்கும். குறுவைக்கு மேட்டூர் திறக்கிற வரைக்குமாவது வீட்டிலேயே இருக்கட்டும், நாற்றங்காலுக்கு அப்பாவோடு போய்வரட்டும். அதற்குப் பிறகு, பகல் ஷிப்ட் மட்டும் தருவார்களா என்று கம்பெனியில் கேளுங்கள். டாக்டரிடம் ஒரு சான்றிதழ் வாங்கி வைத்துக்கொண்டு பேசினால் நல்லது.