பயனாளிப் பட்டியல் கேட்டால் ‘தனிநபர் விவரம்’ என்று மறுப்பு: மேல்முறையீட்டில் எதைப் பிடிப்பது?

ஊர்க்கணக்கு:
ஓர் ஊராட்சியில் பிரதமரின் வீடு கட்டும் திட்டத்தில் பணம் பெற்றவர்களின் பெயர், தொகை, வங்கிக் கணக்கு எண், ஆதார் எண் கேட்டு ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) மனு போட்டதற்கு, ‘பிரிவு 8(1)(ஜே), தர இயலாது’ என்று, தனிநபர் விவரத்துக்கு விலக்கு தரும் பிரிவைக் காட்டி ஒரே வரியில் பதில். பொதுநலன் இருந்தால் தரலாம் என்று அதே பிரிவில் இருந்ததே, அது என்னவாயிற்று?

சட்டப்புள்ளி:
போய்விட்டது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இன் பிரிவு 44(3) அதை வெட்டிவிட்டது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. இப்போது மிஞ்சியிருப்பது ‘தனிநபர் தொடர்பான தகவல்’ என்பது மட்டும். மறுப்புக் கடிதம் அதற்கு முந்தையது என்றால் பழைய வாசகத்தை வைத்தே வாதாடுங்கள்.

ஆனால் ஆர்டிஐ சட்டத்தின் 8(2) அப்படியே இருக்கிறது: பாதிப்பைவிடப் பொதுநலன் பெரிது என்றால் கொடுக்கலாம். சிக்கல் என்னவென்றால், அந்த முடிவு ‘பொது அதிகார அமைப்பு’, அதாவது தகவலை வைத்திருக்கும் அரசு அமைப்பு, எடுப்பது. தகவல் அலுவலர் தன் பொறுப்பில் எடுக்கத் தயங்குவார். பொதுநலன் என்று சும்மா எழுதினால் போதாது. எந்த வீடு கட்டப்படவில்லை, எந்தத் தவணை போயிருக்கிறது என்று குறிப்பாக எழுதுங்கள்.

கோப்புக்கட்டு:
மனுவிலேயே கோளாறு இருக்கிறது. ஆதாரும் கணக்கு எண்ணும் எதற்கு? முறைகேட்டைக் காட்ட அவை தேவையே இல்லை. முழு மனுவையும் மறுக்க அவர்களுக்கு அதுவே சாக்கு. மேல்முறையீட்டில் அந்த இரண்டையும் கைவிட்டு, பிரிவு 10-இன்படி அவற்றை மறைத்து மீதியைத் தருமாறு கேளுங்கள். பெயர், தொகை, தவணைத் தேதி போதும்.

வலுவான பிடி ஆர்டிஐ சட்டத்தின் 4(1)(பி)-யின் 12-ஆவது இனம். மானியத் திட்டப் பயனாளிகளின் விவரத்தை அலுவலகமே, யாரும் கேட்காமல், வெளியிட வேண்டும். சட்டக் கடமையால் பொதுவில் வைக்கும் தரவுக்குத் தரவுச் சட்டம் பொருந்தாது என்று அதன் பிரிவு 3 சொல்கிறது. தரவுச் சட்டத்தில் ‘250 கோடி அபராதம்’ என்று பயமுறுத்தினால் இதைக் காட்டுங்கள்.

ஊர்க்கணக்கு:
பயனாளிகளின் சம்மதம் கேட்டுக் கடிதம் அனுப்பியிருப்பதாகவும் வாய்மொழியாகச் சொன்னார்கள்.

சட்டப்புள்ளி:
அது ஆர்டிஐ சட்டத்தின் பிரிவு 11, தகவல் யாரைப் பற்றியதோ அவரிடம் கருத்துக் கேட்பது. மனு வந்த 5 நாளுக்குள் நோட்டீஸ், அதைப் பெற்ற பயனாளிக்குப் பதில் சொல்ல 10 நாள், முடிவு 40 நாளுக்குள். அவர் ஆட்சேபித்தாலும் அது தடையாணை அல்ல, அலுவலர் எடைபோட வேண்டிய ஒரு கருத்து, அவ்வளவுதான். நோட்டீஸின் நகலைக் கேளுங்கள். பல நேரம் அனுப்பியே இருக்க மாட்டார்கள்.

முதல் மேல்முறையீட்டுக்கு மறுப்பு கைக்கு வந்ததிலிருந்து 30 நாள். மறுத்தது சரி என்று நிரூபிக்கும் சுமை அலுவலருக்கே என்கிறது 19(5). மேல்முறையீட்டு மனுவின் முதல் பத்தியிலேயே அதை எழுதிவிடுங்கள்.