வெங்காயத்துக்கு ஆரின்ர சொல்லைக் கேக்கிறது?

நீர்வேலியான்:
போன கிழமை எங்கட பக்கம் தோட்டக்காரருக்கு வகுப்பு வைச்சவை. திரையில படம் போட்டு ஒண்டரை மணித்தியாலம் கதை. வந்தது பதினாலு பேர், பாதிப்பேர் தேத்தண்ணியோட எழும்பிட்டினம். நாங்கள் படிக்கிறது வேலிக்கு அங்கால பாத்துத்தான். அப்புவும் அப்பிடித்தான். உந்த வகுப்புச் செலவை மானியமாத் தந்தாலே போதும்.

பழைய போதனாசிரியர்:
தம்பி, 31 வருசம் உந்த வகுப்பு எடுத்தவன் நான். கோவிக்கேல்லை. ஆனா வேலிக்கு அங்கால பச்சை தெரியும், ஏன் பச்சை எண்டு தெரியாது. வெங்காயத்தில இலை முறுகினபோது என்ன செய்தனீங்கள்?

நீர்வேலியான்:
பக்கத்துத் தோட்டத்து அண்ணை அடிச்சதைத்தான். கடையில போய் "அவருக்குக் குடுத்ததைத் தாங்கோ" எண்டு பூச்சிமருந்து வாங்கினன். 16 லீற்றர் தாங்கிக்கு ரெண்டு மூடி. கேக்கேல்லை, மூண்டாக்கினன். எட்டுப் பரப்புக் காணியில அரைவாசி போட்டுது.

துலாக்கால்:
அதுக்காக அயலைப் பிழை சொல்லக்கூடாது. அமெரிக்காவில அயோவாவில கலப்பினச் சோளம் பரவின கதை 1943 இல ஆய்வா வந்தது. 259 கமக்காரரில 1941 க்குள்ள ரெண்டு பேரைத் தவிர எல்லாரும் மாறிட்டினம். முதல் சொன்னது கூடுதலா விதை விக்கிறவன், நம்பவைச்சது அயலவன். எங்களிட்ட விவசாயப் போதனாசிரியர் கடைசியா வந்தது 2021 இல, அரசாங்கம் ரசாயன உரத்தை நிப்பாட்டின நேரம், கூட்டெரு போடச் சொல்லி. அந்த நவம்பரிலயே தடையை எடுத்திட்டினம். பிறகு ஆர் நம்புறது?

கோண்டாவில் பிள்ளை:
சோளம் ஒரு விதை, அண்ணை. வாங்கி நட்டாச் சரி. இந்தோனேசியாவில 1989 இல வயல் பாடசாலை தொடங்கினவை. நெல்லுச் செய்யிறவையைக் கிழமைக்கொருக்கா வயலுக்குள்ள இறக்கி, எது பயிரைத் தின்னுற பூச்சி, எது அந்தப் பூச்சியைத் தின்னுற பூச்சி எண்டு தாங்களே பாக்க விட்டது. 2004 இல உலக வங்கி ஆய்வாளர்கள் பாத்தா, படிச்சவையிட்ட இருந்து அயலுக்கு அது பெரிசாப் போய்ச் சேரேல்லை. மருந்துப் போத்தில் மட்டும் வேலி தாண்டும்.

பழைய போதனாசிரியர்:
பிள்ளை சொல்லுறதுதான். துலாக்கால், 2021 கதைக்கு என்னட்டப் பதில் இல்லை, மேல இருந்து சொன்னதை அவையளும் சொன்னவை. நீர்வேலித் தம்பி, இலை முறுகல் பங்கசால, அதாவது பூஞ்சணத்தால வாறது, பூச்சியால இல்லை. பூச்சிமருந்தைப் போத்திலோட ஊத்தினாலும் அது சாகாது. விதைக் குமிழோடயும் வரும். நட முதல் பங்கசு மருந்துத் தண்ணியில நனைச்செடுக்கச் சொல்லித்தான் நாங்கள் தொண்டை கிழியக் கத்தினது. விதை வெங்காயம் ஆரிட்ட வாங்கினனீங்கள்?

நீர்வேலியான்:
அந்த அண்ணையிட்டத்தான்.

துலாக்கால்:
😐

நீர்வேலியான்:
ஐயா, தப்பினதைப் பிடி கட்டித் தூக்கியிருக்கிறன். விதைக்கு வைக்கலாமோ?

பழைய போதனாசிரியர்:
வேண்டாம், கறிக்கு வித்திடுங்கோ. அயலில விதைக்குக் கேட்டாலும் குடுக்காதேங்கோ.

நீர்வேலியான்:
ரெண்டு பேருக்குக் குடுத்திட்டனே ஐயா.