ஷேர்பாயின்ட் ஃபோல்டருக்குள் ஃபோல்டர்: ட்ரீ வியூவில் காட்டுவது எப்படி?

கேள்வி

வணக்கம் நண்பர்களே. கட்டுமான நிறுவனம் ஒன்றுக்காக வேலை செய்கிறேன். டிராயிங் எல்லாம் ஷேர்பாயின்ட் ஆன்லைனில் (மைக்ரோசாஃப்ட்டின் இணைய ஃபைல் சேமிப்பகம்) ஒரே லைப்ரரியில் இருக்கின்றன: புராஜெக்ட், அதற்குள் பிளாக், அதற்குள் தளம், அதற்குள் ஸ்ட்ரக்சுரல், பிளம்பிங் என்று. இடப்பக்கம் ட்ரீயாக, அதாவது ஒன்றுக்குள் ஒன்றாக விரியும் பட்டியலாகக் காட்ட வேண்டும். லைப்ரரி 5000 ஐட்டத்தைத் தாண்டியதும், ஃபோல்டரை மட்டும் வடிகட்டி எடுக்கும் கேமல் கொயரி (ஷேர்பாயின்ட்டில் தேடி எடுக்க எழுதும் கட்டளை) த்ரெஷோல்டு பிழை, அதாவது வரம்பு மீறிய பிழை தருகிறது. சைட் இன்ஜினியர்கள் மொபைலில்தான் பார்க்கிறார்கள். சரியான ஃபோல்டர் கிடைக்காமல் பழைய டிராயிங்கைப் பார்த்துக் கம்பி கட்டிவிட்டால் பிரிக்கத்தான் வேண்டும். வழி சொல்லுங்கள்.

பதில் 1

வடிகட்டும் நிபந்தனையை எடுத்துவிடுங்கள். ஸ்கோப்பை ரிகர்சிவ்ஆல் (எல்லா உள் ஃபோல்டரையும் ஃபைலையும் சேர்த்து) என்று வைத்து, ஒரு பக்கத்துக்கு எத்தனை ஐட்டம் என்று ரோ லிமிட் கொடுத்து, ஐடி வரிசையில் பக்கம் பக்கமாக எடுங்கள். ஃபோல்டரா ஃபைலா என்பதை பிரவுசரிலேயே பிரிக்கலாம். ஒவ்வொரு ஐட்டத்தின் முழுப் பாதையும் ஃபைல்ரெஃப் என்ற புலத்தில் இருக்கும், அதை ஸ்லாஷ் வாரியாக வெட்டினால் ட்ரீ தயார்.

பதில் 2

அது ஓடும், ஆனால் மொபைலுக்கு வேண்டாம் தம்பி. நாலு ஃபோல்டர் பார்க்க வருபவருக்கு லைப்ரரி முழுவதையும் ஏன் இறக்க வேண்டும்? முதலில் மேல்மட்டம் மட்டும். அம்புக்குறியைத் தட்டினால் அந்த ஃபோல்டரின் பிள்ளைகளை, அதாவது நேரடி உள் ஃபோல்டர்களை மட்டும் ரெஸ்ட் (இணைய முகவரி வழியாகத் தரவு கேட்கும் முறை) வழியாகக் கேளுங்கள். ஒருமுறை வந்ததை நினைவில் வைத்துக்கொண்டால் மறுபடி கேட்க வேண்டியதில்லை.

அம்புக்குறி எந்த ஃபோல்டருக்குப் போடுவது? ஐட்டம் கவுன்ட்டை நம்பாதீர்கள், அதில் ஃபைலும் சேரும். உள் ஃபோல்டர்களை மட்டும் எண்ணும் ஃபோல்டர்சைல்ட்கவுன்ட் பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் மட்டும் போடுங்கள். மேல்மட்டத்தில் ஷேர்பாயின்ட் தானே வைத்திருக்கும் 'ஃபார்ம்ஸ்' என்ற ஃபோல்டரும் வரும், அதை மறைத்துவிடுங்கள். ஃபோல்டர் பெயரில் ஹாஷ் (#), சதவீதக் குறி (%) இருந்தால், ரெஸ்ட்டில் ஃபோல்டரைக் கேட்கும் முறைகளில் யுஆர்எல் என்று பெயர் முடியும் பழைய முறை சிக்கும். பாத் என்று முடியும் புதிய முறையைப் பிடியுங்கள்.

அப்புறம் அனுமதி. பிளம்பிங் ஃபோல்டருக்கு மட்டும் தனி அனுமதி கொடுத்திருந்தால் அந்த ஆளுக்கு அதன் தாய் ஃபோல்டர் தெரியாது. மேலிருந்து விரிக்கும் ட்ரீயில் அவரால் அதை எட்டவே முடியாது. அப்படிப்பட்டவர்களுக்கு நேரடி லிங்க் கொடுங்கள்.

கேட்டவர்

அண்ணா, மிக்க நன்றி. மேல்மட்டம் உடனே வந்துவிடுகிறது. ஒன்று மட்டும்: நேரடி லிங்க்கில் வருபவருக்கும் ட்ரீ அந்த இடம் வரை விரிந்திருக்க வேண்டுமே?

பதில் 2

லிங்க்கில் உள்ள பாதையை வெட்டி, மேலிருந்து ஒவ்வொரு மட்டமாக வரிசையில் ஏற்றுங்கள். ஒன்று வந்து சேர்ந்த பிறகே அடுத்ததைக் கேட்க வேண்டும். நடுவில் ஏதாவது மட்டம் அவருக்குத் தெரியாது என்றால், லிங்க்கில் உள்ள ஃபோல்டரையே வேராக வைத்துக் காட்டிவிடுங்கள்.